மல்லாட்டை டப்பாவும் பஜ்ஜி வண்டியும்

விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். நாள் பூராவும் உட்கார்ந்தே செய்கிற வேலை. சாயங்காலம் டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே பஜ்ஜி போடுகிற ஒரு அம்மாவின் தள்ளுவண்டிக்குப் பெண்கள் எல்லோரும் போவோம், எங்களுக்கு அவர் அக்கா. வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, டீ. என் மகள் சின்னவளாக இருந்தபோது ஸ்கூலு விட்டதும் நேராக அந்த வண்டிக்குத்தான் வருவாள். நான் வேலை முடித்து வரும்வரை அக்காதான் அவளை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன வருஷம் மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு கூடியிருந்தது. சர்க்கரையும் வரலாம்போல் எல்லையில் நின்றது. டீக்கு என்ன சாப்பிடுவீங்க என்று டாக்டரம்மா கேட்டார். பஜ்ஜி என்றேன்.

"அத மொதல்ல வுடுங்க. பசிச்சா ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ரெண்டு மூணு பாதாம், கொஞ்சம் பூசணி விதை சாப்பிடுங்க. எண்ணெய், உப்பு இல்லாம வறுத்தது. நல்ல கொழுப்பு, புரதம், நார்ச்சத்து எல்லாம் அதுல இருக்குது. சீக்கிரம் பசிக்காது. ஆனா ஒரு கைப்பிடிதான், நல்லதுன்னு டப்பாவ காலி பண்ணிடாதீங்க."

எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். கருவேப்பிலங்குறிச்சியில் என் அண்ணன் பயிரிடுகிறார், மூட்டையாகவே வூட்டுக்கு வரும். மறுநாளே வறுத்து, விதைகளைக் கலந்து டப்பாவில் எடுத்துப் போனேன்.

அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவருடைய எண்ணெய்ச் சட்டியைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று கூச்சம். டீ நேரத்தில் உள்ளேயே உட்கார்ந்து மென்றேன். வேலை விட்டதும் பின்பக்கக் கேட்டு வழியாக நழுவினேன். ஒரு வாரம் போயிருக்கும். அக்கா டீ கிளாஸோடு அவரே உள்ளே வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் எதனா தப்பா பேசிட்டனா? எண்ணெய் பழசுன்னு எவளாவது சொன்னாளா?"

எனக்கு அழுகை வந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அட, இதுக்கா ஒளிஞ்ச? சக்கர போடாம ஒரு டீ எனக்குப் போடத் தெரியாதா? ஒன் டப்பாவையும் எடுத்துகினு வண்டிக்கு வா."

போனேன். அதுதான் வினையாகப் போயிற்று. என் டப்பாவில் ஆளுக்கு ஒரு கை எடுத்தார்கள். ஒருத்திக்குப் பிரஷர், ஒருத்தி வூட்டுக்காரருக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னதை நான் ஆர்வமாக எல்லோருக்கும் ஒப்பித்தேன். கொஞ்ச நாளில் ஆளுக்கொரு டப்பா வந்துவிட்டது. அக்கா வாழைக்காயைக் குறைத்தார். மாவைக் குறைத்தார். ஒருநாள் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை, டீ மட்டும்தான். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. பொங்கல் லீவு முடிந்து வந்தபோது கேட்டில் வண்டி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க என்றார் வாட்ச்மேன்.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "நல்லா கொறஞ்சிருக்குது. இப்படியே இருங்க" என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றிருந்தது. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு நிற்கிற இடத்தில் அக்கா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். மேலே நிழல் இல்லை. உட்கார இடமும் இல்லை.

"என்னாலதான்க்கா நீங்க அங்கருந்து வந்தீங்க."

"போடி பைத்தியம். அங்க நாலு பேரு. இங்க பஸ்ஸு பஸ்ஸா ஆளு எறங்குது" என்று சிரித்தார்.

நிஜமாகவே கூட்டம் இருந்தது. ஆனால் குனிந்து பார்த்தபோது அவர் கால்கள் செருப்பு வாருக்கு மேல் உப்பிப் பிதுங்கியிருந்தன. நாளெல்லாம் நின்றதாலா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. என் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் பேசியவள், இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அவர் உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க ரத்தம் பாத்தீங்களா?"

"எனக்கு ஏதுடி நேரம்?"

"நான் லீவு போடுறேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்."

"பாக்கலாம், பாக்கலாம்." அதற்குள் ஒரு பஸ்ஸு வந்து நின்றது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே "பாக்கலாம்"தான். வற்புறுத்தினால் கையில் ஒரு டீயைக் கொடுத்து என் வாயை அடைத்துவிடுகிறார். அதை நின்றபடியே குடித்துவிட்டு வூட்டுக்கு வருகிறேன்.