மின்கம்பிக்கு முளைத்த மீசை

ரோடு போடுகிற ஓவர்சியரைத் தரையில் நடக்கிறவர்கள் மட்டும்தான் திட்டுவார்கள்; என்னை வானத்தில் போகிறவர்களும் திட்டினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு வந்த வருஷங்களில், பொதுப்பணித் துறையில் எனக்கு வாய்த்த வேலை அப்படி. விமானப்படை ஹெலிகாப்டர் எதன்மேலும் மோதாமல் இறங்கி, எதன்மேலும் மோதாமல் ஏறிப்போக வேண்டும். அதற்குக் கீழே இருந்துகொண்டு நான் பொறுப்பு. சம்பளம் ஏறாமல் 'கூடுதல் பொறுப்பு' மட்டும் ஏறியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாடி வீட்டுக்காரன்

எங்கள் பெரிய அதிகாரி முசியே அந்துவான். பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் கணக்குப் போட்டு, தமிழில் திட்டுகிற அசல் புதுச்சேரிக்காரர். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் நோணாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமங்களெல்லாம் தீவாகிவிடும். அப்போது அரிசியும் மருந்தும் கொண்டுவர விமானப்படை ஹெலிகாப்டர் வரும். அதற்கு முன்னதாகவே வந்து ஒத்திகை பார்ப்பார்கள். ஆற்றின் அக்கரையில் மேடான மணல் திடல் ஒன்று இருந்தது. அதை இறங்கு தளமாக்க வேண்டும். சுற்றியிருக்கிற இடைஞ்சலையெல்லாம் அகற்ற வேண்டும். "சார், எனக்குத் தெரிஞ்சது மதகு, சாக்கடை, ரோடு. ஆகாயத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அலோர், அப்போ கேளுங்க, நம்ம ஆபீசுல மாடி வீட்டுல குடியிருக்கறது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களவிட ஆகாயம் உங்களுக்குத்தான் கிட்ட."

கண்ணுக்குத் தெரியாத சாமான்

முதல் ஒத்திகைக்கு நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்திருந்தால் நீங்களே பாராட்டியிருப்பீர்கள். புதரை வெட்டினேன். தென்னை மட்டைகளைக் கழித்தேன். ஆடு மாடு வராமல் கயிறு கட்டினேன். நடுவில் சுண்ணாம்பால் பெரிய குறி போட்டேன். நோணாங்குப்பமே திரண்டு வந்து நின்றது. வடைக் கடை கூட வந்துவிட்டது.

ஹெலிகாப்டர் ஆற்றோடு தாழ்வாக வந்தது. எல்லோரும் கைதட்டினோம். திடீரென்று அது கயிற்றைப் பிடித்து இழுத்த காளை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே எகிறி, ஏதோ ஒன்றைத் தாண்டி, மணலைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது. அப்போதுதான் நான் ஆற்றைப் பார்த்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மின்கம்பி. தினமும் அதன் அடியில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். தரையில் இருந்த கல்லைக்கூடப் பொறுக்கின நான், தலைக்கு மேலே போன கம்பியைப் பார்க்கவில்லை.

ஓட்டி வந்தவர் ஃப்ளைட் லெப்டினன்ட் குமாரசாமி, கோயம்புத்தூர் பக்கம். கூட இரண்டு பேர். மூன்று பேருக்கும் வீடு, பிள்ளைகுட்டி இருக்குமே என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் சிரித்த முகமாகத்தான் டீ கேட்டார். ஆனால் வாங்கிய டீயைக் குடிக்காமல் அப்படியே மணலில் வைத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததும் அவரே முந்திக்கொண்டார்:

"கம்பம் தெரியுதுங்க, மரம் தெரியுதுங்க. கம்பி மட்டும் தெரியறதே இல்லீங்க. அது நம்மள மொதல்ல பாத்துடுச்சுன்னா, அப்புறம் நாம ஒண்ணையும் பாக்க முடியாதுங்க."

ஆற்றுக்கு மேலே அரசியல்

கம்பியை எடுத்துவிடலாம் என்றால் அக்கரைக் கிராமங்களுக்கு அதுதான் வெளிச்சம். வேறு இடம் பார்க்கலாம் என்றால் வெள்ளத்தில் முழுகாத மேடு அந்தப் பக்கம் வேறு கிடையாது. ஆகவே கம்பியைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். கொடி கட்டலாம் என்று தோன்றியது. பளிச்சென்று தெரியட்டுமே என்று சிவப்புத் துணி வாங்கினேன். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தளர்த்திப் படகு வரைக்கும் இறக்கி, வரிசையாகக் கட்டி, மறுபடி இழுத்து ஏற்றினோம்.

மறுநாளே ஒருவர் ஆபீசுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தோழரே, சர்க்கார் ஆபீசுல நம்ம ஆளு இருக்கறது இத்தினி நாளா தெரியாமப் போச்சே" என்று கண் கலங்கினார். அவர் போன வேகத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். பயந்துபோய் சிவப்பை அவிழ்த்து மஞ்சள் கட்டினேன். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற பெண்கள் அதைப் பார்த்து, ஆத்தாளுக்கு ஏதோ வேண்டுதல் என்று எண்ணி, கூடையை இறக்கி வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். பாலத்தில் பஸ் நின்றுபோனது. எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை:

"அவங்களுக்கு ஆத்துக்கு மேல எடம் குடுத்தீங்க, சரி. எங்களுக்கு ஆத்துக்குக் கீழயாவது ஒரு எடம் காட்டுங்க சார்."

சொல்தாவின் மரியாதை

இரண்டாம் ஒத்திகைக்கு முதல் நாள் பெய்த தூறலில் மஞ்சள் துணியெல்லாம் நனைந்து கம்பியோடு கம்பியாகச் சுற்றிக்கொண்டு விட்டது. பழையபடி ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேளை, குமாரசாமி சார் இந்த முறை ஆற்றோடு வராமல் உயரத்திலிருந்தே வந்து, திடலுக்கு நேர் மேலே நின்றார். ஆனால் இறங்கவில்லை. சத்தம் காதைப் பிளக்கிறது, மணல் பறக்கிறது, ஹெலிகாப்டர் அந்தரத்தில் தொங்குகிறது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நான் போட்ட சுண்ணாம்புக் குறியின் நட்டநடுவில் சவரிமுத்து நிற்கிறார். கடல் தாண்டிப் போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பண்ணி பென்ஷன் வாங்குகிற சொல்தா, அதாவது பழைய சிப்பாய். பழைய சட்டை, மார்பில் மெடல், விறைப்பான சல்யூட். குமாரசாமி சார் மேலே இருந்து 'விலகு, விலகு' என்று கையை ஆட்டுகிறார். அதைப் பதில் மரியாதை என்று எடுத்துக்கொண்டு இவர் இன்னும் விறைக்கிறார். நான் குனிந்தபடி ஓடி அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சல்யூட் வைத்த கை அப்போதும் இறங்கவில்லை. ஹெலிகாப்டர் இறங்கிச் சத்தம் அடங்கினதும் அவரிடம் கத்தினேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

"மேலதிகாரி எறங்காம கைய எறக்கக் கூடாதுன்னு சைகோன்ல கத்துக்குடுத்தாங்க. அவரு எறங்கல, நான் எறக்கல. இதுல தப்பு யாரு மேல?"

உருண்டையான சாமான்

நனையாத, சுற்றிக்கொள்ளாத, கனமில்லாத, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத பொருள் வேண்டும். சாப்பிடும்போதும் இதே யோசனை. ஒரு நாள் ஆற்றில் நீச்சல் பழகுகிறவர்கள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்தேன். பானை அளவு, பஞ்சு கனம். கரையில் நின்று நானே எனக்குக் கைகொடுத்துக் கொள்ளாத குறை. அவ்வளவு சந்தோஷம்!

பெரிய குடுக்கைகளாகத் தேடிப் பிடித்து, போர்டு எழுதுகிற காதர் பாயிடம் கொடுத்து, நல்ல ஆரஞ்சு வர்ணம் அடித்து, அப்படியே மின்சார ஆட்களிடம் சேர்த்துவிடச் சொன்னேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்து போய்ப் பார்த்தபோது குடுக்கைகள் கம்பியில் ஏறிவிட்டிருந்தன. வர்ணம் நான் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் உருட்டு விழி, கோரைப் பல், காதுவரைக்கும் முறுக்கிய கறுப்பு மீசை! கடல் பக்கம் ஒரு முகம், பாலத்துப் பக்கம் ஒரு முகம். ஊரில் எந்தப் புது வீடு எழும்பினாலும் திருஷ்டிப் பூசணிக்கு முகம் எழுதுகிறவர் காதர் பாய்தான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாலத்தில் போகிறவர்கள் நின்று நின்று சிரித்தார்கள். முசியே அந்துவான் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "மோந்தியே, கடவுளே! இது சர்க்கார் கம்பியா, சந்தை வாசலா? மீசய எல்லாம் அழிங்க. வர்ற திங்கக்கெழம ஒரு மீசகூட இருக்கக் கூடாது" என்று காரில் ஏறிவிட்டார். காதர் பாயிடம் போய் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"உருண்டையா ஒரு சாமானக் கைல குடுத்துட்டு, மூஞ்சி போடாதேன்னா எப்படி சார்? கை கேக்குமா?"

மழை

திங்கட்கிழமைக்குள் மழை முந்திக்கொண்டது. விடாத மழை. மின்சாரத்தை நிறுத்தவோ கம்பிக்கடியில் படகை நிறுத்தி வேலை பார்க்கவோ வழியில்லை. மீசைகள் அப்படியே நின்றன. ஆறு பாலத்தைத் தொட்டது, அக்கரைக் கிராமங்கள் துண்டுபட்டுப் போயின. மருந்தோடு ஒரு டாக்டரையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது என்று தகவல் வந்தது. முதல் நாள் கடைசிப் படகில் அக்கரைக்கு வந்து சேர்ந்திருந்த நான், குடையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திடலில் நின்றேன்.

மேகம் தென்னை உச்சிவரைக்கும் இறங்கியிருந்தது. உயரத்திலிருந்து வர முடியாது; ஆற்றோடுதான் வர வேண்டும். முதலில் சத்தம் வந்தது. பிறகு மழைக்குள்ளிருந்து ஹெலிகாப்டர் வந்தது, நேராகக் கம்பியை நோக்கி. நான் கையை ஆட்டிக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அன்றைக்கு அவர் குடிக்காமல் வைத்த டீ ஒரு முறை கண்முன்னே வந்துபோனது. அப்போது ஹெலிகாப்டர் வேகம் குறைந்து, அப்படியே காற்றில் நின்றது. ஒரு நிமிஷம் அதுவும் குடுக்கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு நிதானமாக எழும்பி, கம்பியைத் தாண்டி, மணலில் இறங்கியது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று மழையில் யாருக்கும் தெரியவில்லை.

குமாரசாமி சார் குதித்து இறங்கி, என்னைத் தூக்கி நிறுத்தி, விழுந்து விழுந்து சிரித்தார். "கம்பி தெரியவே இல்லீங்க! மழைக்குள்ளாற இருந்து மீசக்காரனுங்க வரிசையா நின்னு மொறைக்கறானுங்க. யார்றா இவனுங்கன்னு நின்னுட்டனுங்க!" டாக்டர் இறங்கினார். அவருக்குப் பின்னால், வழி காட்டுவதற்கென்று கூடவே ஏறி வந்திருந்த முசியே அந்துவான் இறங்கினார். தொப்பியைக் காணோம், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. திரும்பிக் கம்பியை வெகுநேரம் பார்த்தார். திங்கட்கிழமை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மீசையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நான் தயாராகிக்கொண்டேன். கேட்டார்:

"மீசய அழிச்சிட வேணாம், இன்னா? காதர் பாயக் கூப்ட்டு இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க."

ஆக, இத்தனை வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மேலதிகாரி சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்குள் செய்யாமல் விட்டதுதான்.