குதிகாலில் பூசிய டிஞ்சர்

அறுபதுகளின் தொடக்கம் அது. பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கை உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். கட்டைக் குரல், வீங்கின முகம், சித்திரை வெயிலிலும் போர்வை. சோம்பேறி என்று அவளுடைய மாமியார் பெயரே வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்டினேன். கழுத்துக்குள் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாக இருக்கலாம், ரத்தத்தை மதராசுக்கு அனுப்பிச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார் அவர்.

“மருந்து ஏதாவது சாப்பிடுறாங்களா?”

“ஒண்ணும் சாப்பிடலீங்க” என்று அவளை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். எப்போதும் என் வாய்தான் முதலில் ஓடும்.

சாப்பிடவில்லைதான். ஆனால் வந்த நாள் முதல் அவள் குதிகால் வெடிப்புகளுக்குத் தினமும் டிஞ்சர் பூசிவந்தேன். பூசுவதும் மருந்துதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குறை ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. “பாத்தீங்களா, ரத்தமே சொல்லிருச்சு” என்றார் அவளை அழைத்துப்போக வந்த மாமியார். எனக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. “இனியாவது எந்திரிச்சு வேலயப் பாருடி” என்று சொல்லித்தான் அவளை பஸ் ஏற்றினேன்.

சில மாதம் கழித்து, அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். கம்பவுண்டர் டிஞ்சர் பாட்டிலை எடுத்தார். “இதத்தான் தங்கச்சி காலுக்கும் பூசுனேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியா?”

டிஞ்சரில் இருப்பது அயோடின். தைராய்டு சுரப்பதிலும் அயோடின் உண்டு என்பதால், அந்தச் சோதனை அளப்பதும் ரத்தத்தில் உள்ள அயோடினைத்தான். தோல் வழியாக உள்ளே போனது அளவைக் கூட்டிக் காட்டி முடிவையே கெடுத்துவிட்டது என்றார்.

மறுநாளே போய் அவளைக் கூட்டிவந்தேன். வந்ததும் காலை நீட்டினாள். “அக்கா, அந்த டிஞ்சரக் கொஞ்சம் பூசி விடேன்.” குதிகால் முன்பைவிட மோசமாகப் பிளந்திருந்தது. டிஞ்சரை எடுக்காமல் விளக்கெண்ணெயைத் தடவிவிட்டேன்.

இரண்டாவது சோதனையில் சுரப்பு மிகவும் குறைவு என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்து, டிஞ்சர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப நான் சோம்பேறி இல்லையாக்கா?” என்றாள்.