காபித்தூள் பாட்டிலும் ஒரு சட்டையும்

மூக்கு டாக்டர் கிளினிக்கில் நர்ஸ் வேலை என்றால் ஊரார் சளியெல்லாம் நமக்குத்தான் சொந்தம். மூக்கடைத்துத் தவிக்கிற நீங்கள் எல்லோரும் என் உறவுக்காரர்கள். போன வருஷக் காய்ச்சலில் எனக்கே வாசனை போய்விட்டது. வேலைக்கு வேட்டு வருமோ என்று டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கவலை வீட்டு பீரோவில் இருந்தது. காலமான என் வீட்டுக்காரர் கடைசியாகப் போட்ட சட்டையைத் துவைக்காமல் கவரில் கட்டி வைத்திருக்கிறேன். அதை இன்னொரு முறை முகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

காய்ந்த மூக்கு

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் போகிற தம்பி ஒருவர் வந்தார். கூட்டத்தில் மூக்கு ஒழுகினால் மானம் போகுதென்று மூன்று மாதமாகச் சளி மாத்திரை விழுங்கியிருக்கிறார். மூக்கு வறண்டு, பிரியாணி வாசனைகூடத் தெரியவில்லை. மூக்கின் உள்ளே உச்சியில் குட்டிக் குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன, அவை சுரக்கிற ஈரத்தில் கரைந்தால்தான் வாசனை நரம்புக்குப் போய்ச் சேரும் என்று டாக்டர் விளக்கினார். தம்பி முகம் தொங்கிவிட்டது.

"அப்போ இத்தினி நாளா வாசனைய நானே தொரத்திக்கினு இருந்தனா சார்?"

காபியில் ஃபெயில்

அன்றிலிருந்து நானும் திருட்டுத்தனமாக உப்புத்தண்ணீரால் மூக்கை நனைத்து வந்தேன். வருகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி காபித்தூள், கிராம்பு, சோப்பு பாட்டில்களை மூக்கருகே காட்டுவது என் வேலை. ஒரே வாரத்தில் ஒன்பது பேர் காபியில் ஃபெயில். ஊருக்கே ஏதோ வந்துவிட்டதென்று டாக்டர் பயந்துபோனார். பத்தாவதாக வந்த சுரங்கத்துப் பெரியவர் கண்ணைத் திறந்து பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தார்.

"கேஜ் லிஃப்ட்ல சொரங்கத்துக்குள்ள எறங்கி மூக்கை நம்பியே உசுரோட மேல வந்தவன் நான். இன்னாம்மா, இது செத்த தூளு. மூடி லூசா கீது. நீ மோந்து பாக்கவே இல்லியா?"

முடிச்சு

அழுகையோடு டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டையையும் சேர்த்துத்தான். அவர் திட்டவில்லை, புதுத் தூள் வாங்கி வரச் சொன்னார். போன மாதம் ஒரு நாள் கிராம்பு லேசாகத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். கவர் முடிச்சில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தூள் மாதிரி சட்டையும் செத்திருந்தால்? ஒன்றும் தெரியாவிட்டால், போனது என் மூக்கா, அவர் வாசனையா என்று யாரைக் கேட்பது? மறுநாள் டாக்டரைத்தான் கேட்டேன்.

"மொதல்ல காபியில பாஸ் பண்ணுங்க சிஸ்டர், சட்டைய அப்புறம் பாத்துக்கலாம்."

தினமும் கண்ணை மூடி எனக்கு நானே பரீட்சை வைத்து நேற்று சோப்பு வரை வந்துவிட்டேன், காபி மட்டும்தான் பாக்கி, அதற்கப்புறம் சட்டைதான் என்பதால் இன்று அந்தப் பாட்டிலை எடுக்கவே பயமாக இருக்கிறது.