ஸ்டெல்லா மேடம்: கோப்பில் சேராத ஒரு பக்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குஷாய்குடாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் குக்கரின் மூன்றாவது விசிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். மௌலா அலியிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி மகள் ஷாலினி போனில் அழைத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், பேச வராது. "ஆன்ட்டி, அத்தை லேரு" என்றாள். 'லேரு' என்றால் தெலுங்கில் 'இல்லை'. வீட்டில் இல்லை என்கிறாளாக்கும் என்று நினைத்து, "எங்கே போயிருக்காங்க?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம்.

ஸ்டெல்லா அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மாநிலத்தின் அங்கன்வாடி டீச்சர்களுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் அவர் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்தார். அவருடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்காக இங்கே வந்தவர். நானோ திருமணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அந்த அலுவலகத்தில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் தமிழ் எனக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும். "நக்கோ கௌரி, இன்னிக்கு அந்த ஃபைலை எடுக்காதே, ஆபீசர் கோவமா இருக்காரு" என்பார். வேண்டாம் என்பதற்கு அவர் வாயில் நக்கோதான்.

நான் சேர்ந்த வாரமே அவருடைய வகுப்பு ஒன்றைப் பார்த்தேன். கிராமங்களிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர்களைத் தரையில் உட்காரச் சொன்னார். பிறகு அவர்கள் முன்னால் நின்று தமிழிலேயே பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தெலுங்கு இல்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த பெண்ணிடம், "அந்தச் சொம்பை எடுத்துட்டு வாம்மா" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் ஸ்டெல்லா தெலுங்குக்கு மாறினார்.

"தாண்டாவிலிருந்து வர்ற லம்பாடிப் பிள்ளைக்கு உங்க தெலுங்கு இப்படித்தான் இருக்கும். இதை மட்டும் மறக்காதீங்க. மத்ததெல்லாம் புஸ்தகத்துல இருக்கு." தாண்டா என்பது லம்பாடி மக்களின் குடியிருப்பு; அங்கே வீடுகளில் பேசுவது தெலுங்கு இல்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது காரணம் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில், வெளியே போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே நனைத்துவிட்டாராம். "டீச்சர் அடிக்கலை கௌரி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுதான் இன்னும் மனசுல நிக்குது."

புதிதாகச் சேரும் டீச்சர்கள் ஒரு வருடம்கூட நிற்காமல் போய்விடுவது அவரை அரித்தது. "சர்டிபிகேட் கொடுத்து பஸ் ஏத்தி விட்டுடறோம். அப்புறம் அந்தப் பொண்ணு தனியா நிக்குது. கேக்க ஆள் இல்லை" என்பார். பக்கத்து ஊரில் அனுபவப்பட்ட டீச்சர் ஒருவர் வாரம் ஒருநாள் புதியவருடன் போய் உட்காரவேண்டும், ஒரு வருடம் முழுக்கத் துணைக்கு இருக்கவேண்டும் என்று திட்டம் எழுதினார். அப்போதிருந்த அதிகாரி நல்லவர். சில மண்டலங்களில் செய்து பார்க்க அனுமதித்தார். மாநிலம் முழுவதும் கொண்டுபோய்விடலாம் என்று ஸ்டெல்லா நம்பிய காலம் அது. நானும் நம்பினேன்.

அந்தத் திட்டத்தின்போது புதிதாகச் சேர்ந்த டீச்சர்களில் ஒருவர் பத்மா. தெற்கு மாவட்டம் ஒன்றில், பஸ் காலையும் மாலையும் மட்டும் போகும் ஊர். முதல் வாரமே அழுதுகொண்டு வேலையை விடுவதாகப் போன் செய்தார். ஸ்டெல்லா அங்கேயே போய் மூன்று நாள் தங்கினார். பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடி, பத்மாவின் மாமியாரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினார். பத்மா வேலையை விடாமல் நிலைத்துவிட்டார். "ஒரு டீச்சரைப் போகவிடாம நிறுத்திட்டேன்" என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார் ஸ்டெல்லா.

அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், பயிற்சியை எல்லாம் இனிப் போனிலேயே வீடியோவாக அனுப்பிவிடலாம் என்றார். துணை டீச்சர் திட்டம் நின்றது. ஸ்டெல்லா எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

பத்மாவின் மையத்தில் ஆயா ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. சமையலும் வகுப்பும் ஒரே அறை. ஒருநாள் அடுப்பில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் வருகையைப் போனில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு. பத்மா குனிந்து போனைப் பார்த்த அந்தச் சிறிது நேரத்தில், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று பாத்திரத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. கை முழுவதும் வெந்துவிட்டது.

விசாரணைக்கு மூன்று பேரை அனுப்பினார்கள்: புதிய அதிகாரி, ஸ்டெல்லா, நான். 'டீச்சரின் கவனக்குறைவு' என்று அறிக்கை தயாரானது. ஸ்டெல்லா கையெழுத்துப் போட மறுத்தார். தனியாக ஒரு பக்கம் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 'ஒருவரே சமைத்து, ஒருவரே பிள்ளைகளைப் பார்த்து, ஒருவரே பதிவும் செய்யவேண்டும் என்று வைத்தவர்கள் நாம். பத்மாவின் இடத்தில் நான் இருந்தாலும் இது நடந்திருக்கும்' என்பது அதன் சாரம்.

நான் கையெழுத்துப் போட்டேன். என் பதவி உயர்வுக்கான கோப்பு அதே அதிகாரியின் மேசையில் இருந்தது. அறிக்கையை மேலே அனுப்பும்போது, "அந்தப் பக்கம் இருந்தா இது நகராது" என்றார் அவர். அதை உருவி எடுத்தது என் கைதான். இன்றுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கையெழுத்தைப் பற்றி மட்டும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "நானும் போடலைன்னா விசாரணை முடியாதுக்கா."

"ஹவ்," என்றார். ஆமாம் என்று அர்த்தம். அதன் பிறகு பல மாதங்கள் என்னோடு மதியம் சாப்பிட வரவில்லை.

பத்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதிகாரியின் பெயரும் என் பெயரும் போட்ட அந்த அறிக்கையின் நகல் எல்லா மையங்களுக்கும் போனது. குடும்பத்தோடு நகரத்துக்கு வந்து பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. ஸ்டெல்லா ஒருநாள் என் மேசைக்கு வந்து, "பாலாநகர் போகணும். நீயும் வா" என்றார்.

தொழிற்சாலை வாசல் டீக்கடையில் காத்திருந்தோம். நீலக் கோட்டும் தலையில் வலையுமாகப் பத்மா வந்தார்.

"அப்பீல் போடலாம்மா. நான் வந்து சாட்சி சொல்றேன்," என்றார் ஸ்டெல்லா.

"வேண்டாம் மேடம்." பத்மா பேசியது தெலுங்கில். குரலில் கோபம் இல்லை. "இங்கே மிஷின்லேர்ந்து வர்றதை எடுத்துப் பெட்டியில வெச்சா போதும். எதுவும் அழாது."

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே கேட்டார்: "அந்தப் பாப்பா கை எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு. தழும்பு இருக்கு."

பத்மா டீயைப் பாதியில் வைத்தார். "முதல் வாரமே நான் போறேன்னு சொன்னேன். அன்னிக்கு நீங்க என்னை விட்டிருந்தா அந்தப் பாப்பாவுக்கு இது நடந்திருக்காது மேடம்." உள்ளே மணி அடித்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான் கௌரி" என்றார். அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எந்த முகத்தோடு சொல்வது?

அதன் பிறகு அவர் யாரையும் வேலையில் நிற்கச் சொன்னதில்லை. டீச்சர்கள் போனில் அழுதால் பொறுமையாகக் கேட்பார். முன்பெல்லாம் "ஒரு மாசம் பாரும்மா, நான் வர்றேன்" என்றவர், "முடியலைன்னா போயிடும்மா. உன் உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லத் தொடங்கினார். போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு எவரையும் நியமிக்கவில்லை. அவர் வகுப்பெடுத்த கூடத்தில் இப்போது எடை பார்க்கும் இயந்திரங்கள் அட்டைப்பெட்டிகளோடு அடுக்கிக் கிடக்கின்றன. அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பதவி உயர்வு கிடைத்தது எனக்கு.

ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது, "எதுக்கு இன்னும் எடுக்கறீங்க? உடம்பு வேற சரியில்லை" என்றேன். "எடுக்கலைன்னா அடிச்சிக்கிட்டே இருக்கே கௌரி. அதைக் கேக்க முடியலை" என்றார். என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்றதில்லை. அவங்க பேசுவாங்க. நான் ம் போடுவேன்."

அடக்கத்துக்கு உறவினர்களும், ரயில்வே காலனிக்காரர்கள் சிலரும், நானும் இருந்தோம். டீச்சர்கள் வர முடியவில்லை. அன்று எல்லா மாவட்டங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, விடுப்பு கிடையாது. சுஜாதா என்ற ஒரே ஒரு டீச்சர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தார். சீருடைப் புடவையிலேயே இருந்தார். இதற்குமுன் ஸ்டெல்லாவை நேரில் பார்த்ததே இல்லையாம். போன் குரல் மட்டும்தான் தெரியும். பெட்டியை மூடுமுன் அருகில் போய், அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மண் போட்ட பிறகு என்னிடம் வந்தார். "நீங்களும் ஆபீஸ்தானே மேடம்? இனிமே நாங்க யாருக்குப் போன் பண்றது?"

என் நம்பரைக் கொடுத்தேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். போனில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி மேடம்" என்று போனைப் பைக்குள் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கல்லறைத் தோட்டத்து வாசலை நோக்கி வேகமாக நடந்தார். நம்பரைப் பதிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. இதுவரை அழைப்பு வரவில்லை.

ஸ்டெல்லாக்கா, விடைகொடுக்கும்போது போய் வாருங்கள் என்பதுதான் நம் வழக்கம். அந்தக் கடைசிச் சொல் எனக்கு வரவில்லை. வரச்சொல்ல இங்கே நாங்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. போங்கள் அக்கா.