கயிறு கட்டிய சீசாக்கள்

எனக்கு மூன்று மாதத் தண்டனை. சுரங்கத்திலிருந்து கைக்கடக்கமான ஒரு கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததற்கு. அதில் தங்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் படித்தவன் என்று தெரிந்ததும் ஜெயில் மருந்து அறையில் சீசா கழுவ விட்டார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவனல்ல நான். வார்டர் நடந்தால் பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டுவேன். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிடக்கூட ஆளில்லை. ஸ்கெலட்டன் என்ற எங்கள் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வீட்டு ஆட்களும் பார்க்க வரவில்லை. மிச்சமிருந்தது எதிர்க் கொட்டடி வண்டிக்காரர் ஒருவர்தான். சந்தையில் யாரையோ அடித்துவிட்டு உள்ளே வந்தவர். அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வரும். கொயினா மருந்தில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா கய்தே, இன்னிக்கு யாரு மாதிரி நடக்கப் போற?" என்று காலையில் அவரே கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக எழுந்திருப்பேன்.

மருந்து அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சீசாவில் பெயர் எழுதிக் காகிதம் ஒட்டினால் பசைக்காகக் கரப்பான் பூச்சி தின்றுவிடும். அதனால் ஆளைக் கொல்லக்கூடிய மருந்துச் சீசாவின் கழுத்தில் மட்டும் இரண்டு முடிச்சுப் போட்ட சணல் கயிறு கட்டியிருக்கும். தடவினாலே கைக்குத் தெரியும். மற்றவற்றுக்கு வைத்த இடம்தான் அடையாளம்.

காம்பவுண்டர் சிரிக்காத மனிதர். அவரை ஒருமுறையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஒருநாள் அவர் வருவதற்குள் அலமாரியிலிருந்த எல்லாச் சீசாவுக்கும் அதே மாதிரிக் கயிறு கட்டி, இடத்தையும் மாற்றி வைத்தேன்.

வந்தவர் அலமாரியைப் பார்த்தபடியே நின்றார்.

"இன்னாடா இது?"

"எல்லாத்துக்கும் தாலி கட்டிட்டேன் சாமி."

அவர் சிரிக்கவில்லை. முதல் சீசாவின் மூடியைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தார். அப்புறம் இரண்டாவது.

"ஐயோ, இன்னா சாமி பண்றீங்க! அந்த மூணாவது கொயினா. நக்கிக் காட்டட்டுமா? கசக்கும்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எட்டி மருந்தும் கசக்கும்டா. ஒண்ணு காய்ச்சலுக்கு, ஒண்ணு சுடுகாட்டுக்கு. நாக்குக்கு இன்னா தெரியும்?"

"வெச்சவன் நான், எனக்குத் தெரியாதா? சத்தியமா மூணாவதுதான்."

"நேத்து கெணத்துல பாம்புன்னு ஜெயிலையே ஓட வெச்சவனும் நீதானே?"

சந்தேகப்பட்ட மருந்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது அவருடைய சட்டம். கடைசிச் சொட்டு வரை கொட்டினார். புது மருந்து பங்காருபேட்டையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும்.

அன்று மதியமே வண்டிக்காரருக்குக் குளிர் கண்டது. பல் கிட்டி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வார்டரிடம் கெஞ்சி அவர் கொட்டடிக்குள் போய் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளும் காய்ச்சல் விடவில்லை, கண் செருகியது. வேறு வழி தெரியாமல் எழுந்து வார்டர் மாதிரி நடந்து காட்டினேன். அவர் கண் திறக்கவில்லை. பார்க்க ஆளில்லாமல் சுவர் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் மருந்து வந்தது. எட்டி மருந்துச் சீசாவில் என்னையே முடிச்சுப் போடச் சொல்லி, இழுத்துப் பார்த்த பிறகே காம்பவுண்டர் கொயினாவைக் கொண்டுபோய் ஊற்றினார்.

வண்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார். "நீ மட்டும் துணி போடலேன்னா போய்ச் சேந்திருப்பேன்டா. வெளிய வந்தா சந்தைக்கு வா, தம்பி." மருந்து எங்கே போனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூடாத என் வாய் அன்றைக்குத்தான் மூடிக்கிடந்தது.

அவர் முதலில் விடுதலையாகிப் போனார். மூன்று வாரம் கழித்து நானும் வெளியே வந்து நேராக ராபர்ட்சன்பேட்டை சந்தைக்குப் போனேன். புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே வழியையும் பார்த்தார். நான் துணிக்கடைக்குப் பின்னால் நின்றிருந்தேன், அவர் வண்டி பூட்டிக்கொண்டு போகும் வரைக்கும்.