செருப்போடு வாசலில் நின்ற சிக்னல்

கோமதி அக்கா இறந்த செய்தி எனக்கு மாடியில்தான் கிடைத்தது. குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் விடாமல் அதிர்ந்தது. மணிமங்கலத்தில் நாங்கள் குடியிருக்கும் கீழ்வீட்டுக்குள் சிக்னல் வராது. மாடிக்கு ஏறினால் எல்லாம் மொத்தமாக வந்து விழும். நம் நுகர்வோர் சங்கக் குழுவில் யாரோ போட்டிருந்த செய்தி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற கேள்வி, எடுத்துவிட்டார்கள் என்ற பதில். கூடவே, முந்தின நாள் மாலை அக்கா என்னை அழைத்ததாகச் சொல்லும் குறுஞ்செய்தி. அக்காவை வழியனுப்பக் குன்றத்தூருக்கு நான் ஏன் வரவில்லை என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். இதுதான் காரணம்.

அக்கா தென்காசிப் பக்கத்துக்காரர், சட்டம் படித்தவர். கறுப்புக் கோட்டை மாட்டியதைவிட, தொலைத்தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடும் அறிக்கைகளுக்குப் பதில் எழுதியதுதான் அதிகம். அலைக்கற்றை ஏலம் பற்றி நமக்கென்ன என்று சங்கத்திலேயே சிலர் கேட்டதுண்டு. "ஆலைப் பிள்ளைங்களுக்கு அம்மா முகத்தப் பாக்க இந்தப் போனு ஒண்ணுதானய்யா இருக்கு" என்பார், வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பெண்களைச் சொல்லி.

பிள்ளைப்பாக்கத்துக்கு அவரோடு போன அந்த மதியம் மறக்கவில்லை. அந்த ஊரில் சிக்னல் இல்லை என்று நாங்கள் கொடுத்த புகாருக்காக போன் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். சாலையில் நின்று போனைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க மேடம், ஃபுல்லா இருக்கு. இது கவரேஜ் உள்ள கிராமம்."

"இருக்குல்லா. வெயில்ல நிக்கீங்களே தம்பி, உள்ள போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வருவோம்" என்றார் அக்கா.

கன்னியம்மாவின் வீடு அது. தகரக் கூரை போட்ட அறைகளை வரிசையாகக் கட்டி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றவற்றை ஆலைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சொம்பை வாங்கிக்கொண்டே போனைப் பார்த்தவர் முகம் மாறியது. ஒரு கோடுகூட இல்லை.

கன்னியம்மா விடவில்லை. "இன்னா சார், உன் சிக்னலு செருப்பாண்டயே நின்னுகினு கீது? அதையும் உள்ள கூப்புடு சார், ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்."

பொறியாளரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்குள் சோதித்துப் பார்ப்பதற்கு எங்களிடையே பெயரே அதுதான்: தண்ணி குடிப்பது.

சென்னையில் ஆணையம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்துக் கேட்டது அதைத்தான். "சாலையில கேட்டாப் போதும்னு எழுதி வச்சிருக்கீங்க. சாலையில நின்னு யாரும் குடித்தனம் நடத்தலங்கய்யா." குறைந்த அலைவரிசைக் கற்றைகள் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாகப் போகும். ஆனால் ஏலத்தில் அவற்றின் விலை மிக அதிகம். விலையைக் குறைத்துக் கொடுங்கள், பதிலுக்கு வீட்டுக்குள் கேட்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள் என்பது அக்காவின் கட்சி.

திரும்பி வரும்போது பேருந்தில் நான் வாதாடினேன். "அரசுக்கு நஷ்டம்னு சொல்வாங்களே அக்கா?"

"வெலைய ஏத்தினா கம்பெனிக்காரன் கைக்காசப் போட்டா குடுப்பான்? இந்தப் பிள்ளைங்க ரீசார்ஜுலதான் புடிப்பான். அது நஷ்டத்துல சேராதோ?"

ஒரு வழியாக ஆணையத்தின் இறுதி ஆவணம் வந்தது. கிராமங்கள் என்ற சொல் இருந்தது. 'வீட்டுக்குள்' என்ற சொல் இல்லை. அக்கா கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அடுத்த தடவ கேப்போம்" என்றார்.

அந்த அடுத்த தடவை இப்போது வந்திருக்கிறது. ஆணையம் மறுபடி கருத்துக் கேட்டிருக்கிறது. அக்கா கடைசியாக அழைத்தது அதற்காகத்தானா, இல்லை வழக்கம்போல "பிள்ளைக்கு இளைப்பு தேவலையா" என்று கேட்கவா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. நான் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

ஊருக்காகப் பேசிய நாளில் புரியாதது, குழந்தை பிறந்தபின் புரிந்தது. என் கணவர் இரவு ஷிப்டில் இருக்கும்போது மகனுக்கு மூச்சு இழுத்தால், ஒரு ஆட்டோவைக் கூப்பிட அவனையும் தூக்கிக்கொண்டு பனியில் மாடிப்படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே பயப்படுகிறேன். வீட்டுக்குள் என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னது எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

சங்கத்தின் பதிலை இம்முறை நான் எழுதுகிறேன். 'வீட்டுக்குள்' என்றுதான் முதல் வரி தொடங்கும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்லும், ஒருவரை உள்ளே கூப்பிடும் அந்த முறையும்தான்.

நேற்று, கீழ்வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று நான் கொடுத்த புகாரைப் பார்க்க போன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். தெருவில் நின்றபடியே, "ஃபுல் சிக்னல் காட்டுதே மேடம்" என்றான்.

"வெயில்ல நிக்கிறீங்களே தம்பி," என்று கேட்டைத் திறந்தேன். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.