நடுவில் இருந்த எண்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சில மாதங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தவர் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. செயற்கைக்கோளை விண்வெளியில் நகர்த்தும் மின்சார இன்ஜின் செய்கிற சிறு நிறுவனத்தில், அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று கணினியில் கணித்துச் சொல்வது அவர் வேலை.

எதையும் ஒரே எண்ணாகச் சொல்லமாட்டார். பொன்னேரி எப்போது வரும் என்று கேட்டால்கூட, "பத்து நிமிஷம். எட்டாவும் ஆவலாம், பதினஞ்சாவும் ஆவலாம்" என்பார்.

"இன்னாம்மா, ரயிலா ஜோசியமா?" என்று அதே பெட்டியில் வரும் பூக்கார அம்மாள் கேலி செய்வார். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் சிரிக்கவில்லை. சோதனையில் இன்ஜின் சீக்கிரமே கெட்டுவிட்டதாம்.

"உங்க கணக்கு தப்பாயிடுச்சா?" என்றேன்.

"இல்ல சார். உள்சுவர் எவ்ளோ வேகமா தேயும்னு யாருக்கும் சரியா தெரியாது. அதனால இத்தினி மணி நேரத்துலேர்ந்து இத்தினி மணி நேரம் வரைக்கும் உழைக்கும்னு போட்டேன். நான் போட்ட அந்த வரம்புக்குள்ளதான் கெட்டுச்சு. ஆனா ஓனரு, 'வாங்கறவன் பயந்துக்குவான், ஒரே நம்பரா குடும்மா'ன்னாரு. நடுவுல இருந்ததைக் குடுத்துட்டேன். வாங்கறவங்க அதை அப்படியே நம்பிக்கினாங்க. ஆர்டரு போச்சு."

"அவர் சொல்லித்தானே குடுத்தீங்க?"

"எவ்ளோ தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளமே. அதை மட்டும் சொல்லாம உட்டுட்டேன்."

அடுத்த வாரத்திலிருந்து அவரைக் காணவில்லை. அவரே வேலையை விட்டாரா, அனுப்பிவிட்டார்களா, தெரியாது. இப்போதெல்லாம் பொன்னேரி எப்போது வரும் என்று யாராவது கேட்டால், நானும் எட்டிலிருந்து பதினைந்து நிமிஷம் என்றே சொல்கிறேன்.